வெள்ளைக் கால்சட்டை

இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. கட்டிலுக்கடியில் பாட்டிலில் சேர்ந்திருந்த மூத்திரத்தை டாக்டரம்மா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மஞ்சள் ஏறாமல் இன்னமும் குழாய்த் தண்ணீர் மாதிரியே தெளிவாக இருந்தது. அவர் முகம் வாடியதை அடைக்கலமேரி பார்த்துவிட்டாள்.

அவள் மகன் பிரகாசம் நேற்றுக் காலையிலிருந்து கண் திறக்கவில்லை. ஏழு வயது. ராயபுரம் மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் தடவையாகச் சேசுவின் அப்பம், வாங்க வரிசையில் நின்றவன், பீடத்துக்குப் பத்தடி இருக்கும்போது அப்படியே சாய்ந்துவிட்டான்.

பிறந்ததிலிருந்தே அவனுக்குத் தீராத தாகம். குடிப்பான், ஒதுங்க ஓடுவான், வந்து மறுபடி குடிப்பான். அறுபத்தெட்டாம் வருஷத்துக் கோடை, குழாயடியில் ஒரு குடத்துக்குக் குடுமிப்பிடி சண்டை நடக்கிற தெரு, அதில் இப்படி ஒரு பிள்ளை! "உன் புள்ள வயித்துல இன்னா ஓட்டையா கீது?" என்று கேட்காத வாய் இல்லை. நன்மை வாங்குமுன் தண்ணீர் குடிக்கலாம் என்று சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லியிருந்தார். மேரியும் காதால் கேட்டாள். ஆனாலும் முந்தின ராத்திரி பானையைப் பரணில் ஏற்றிவிட்டு, "தண்ணி குட்ச்சா சேசு உங்கிட்ட வரமாட்டாரு" என்று சொல்லிவிட்டாள். பக்தியாவது மண்ணாவது! புதிதாகத் தைத்த வெள்ளைக் கால்சட்டையை ஊர் பார்க்க நனைத்துவிடுவானே என்ற பயம்தான். மானத்துக்குப் பயந்து மகனைக் காயப்போட்டாள்.

டாக்டரம்மா மேரியின் புருஷன் தாமஸைப் பார்த்துச் சொன்னார். "தண்ணியை உடம்புலயே நிறுத்தி வைன்னு மூளை கிட்னிக்கு ஒரு சேதி அனுப்பும். அதே சேதியைத்தான் ஊசியிலயும் அனுப்பினோம். இவன் கிட்னி கேக்க மாட்டேங்குது."

தாமஸ் துறைமுகத்தில், கப்பல் தளத்தில் நின்று கிரேன்காரனுக்குக் கை காட்டுகிறவன். "நான் கைய காட்டிகினே கீறேன், மேல கிரேன் கூண்டுல ஆளே இல்லன்ற மாரியா டாக்டரம்மா?"

"அதேதான். சேதியை வாங்க கிட்னியில ஆளே கிடையாதா, இல்ல ஏணி ஏறத் தெரியாம கீழயே நிக்கிறானா, தெரியலை."

"கூட ஒர்த்தன் போயி கைய புட்ச்சி ஏத்திவுட்டா?"

"வேலை செய்வானோ என்னவோ. அந்த ஒருத்தனை, அப்படி ஒரு மருந்தை, இன்னும் யாரும் கண்டுபிடிக்கலைப்பா. தண்ணிதான் மருந்து, ஆயுசுக்கும். நரம்புல ஏத்தறது எத்தனை நாளைக்கு? கண் முழிச்சதும் அவனா வாயால குடிக்கணும்."

அவன் குடிக்கும்வரை தனக்கும் ஒரு சொட்டு வேண்டாம் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டு நேற்றிலிருந்து உட்கார்ந்திருந்தாள் மேரி. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு நாளைக்கே இப்படி என்றால் பிள்ளை ஏழு வருஷம் எப்படித் தாங்கினான் என்று நினைத்து நினைத்து அழுதாள்.

மத்தியானச் சங்கு ஊதியபோது பிரகாசம் கண் திறந்தான். உதடு வெடித்திருந்தது. மேரி பாய்ந்துபோய்த் தம்ளரை வாயில் வைத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினான்.

"இன்னும் நன்மை வாங்கலியே மா."

"நான் பொய் சொன்னேன்டா நைனா. குடி. சேசு ஒண்ணும் சொல்லமாட்டாரு."

அவன் நம்பவில்லை. தண்ணீர் கன்னத்தில் வழிந்து தலையணையை நனைத்தது. மாதா மன்னிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள் மேரி. "பாரு, அம்மா குடிக்கிறேன்" என்று அவன் கண்ணெதிரே ஒரு வாய் விழுங்கினாள். மடக்கென்ற சத்தம் அவளுக்கே கேட்டது. மீதியை அவனிடம் நீட்டினாள்.

பிரகாசம் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தொண்டையும் ஒருமுறை ஏறி இறங்கியது. வாய் மட்டும் மூடியே இருந்தது.