தலைகீழாய் வந்த ஆந்தை

மேடையில் நிற்பது என் மகன், வியர்ப்பது சமையலறையில் எனக்கும் மருமகளுக்கும். அவனும் கூட்டாளிகளும் சம்பளமில்லாமல் செய்த ஆபரேட்டிங் சிஸ்டம், அதாவது கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் வேலை வாங்குகிற சமாசாரம், இன்றைக்கு வெளியாகிறது. நேரலை ஓடும் என் போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்திருக்கிறோம்.

அவன் பின்னால் பெரிய திரையில் அதன் சின்னம் தொங்குகிறது. வௌவாலாம். இருட்டிலும் வழி தெரியும், தூக்கத்திலும் பிடி நழுவாது என்று ஆளாளுக்கு அர்த்தம் எழுதித் தள்ளிவிட்டார்கள்.

அது வௌவாலே இல்லை. ராத்திரியெல்லாம் விழித்திருக்கும் புருஷனைக் கிண்டல் செய்து மருமகள் வரைந்த ஆந்தை. கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. சின்னம் எங்கே என்று கூட்டாளிகள் நச்சரிக்க, இவன் அதைப் படம் பிடித்து அவசரத்தில் தலைகீழாக அனுப்பிவிட்டான். அவர்கள் வௌவால் என்று குதித்தார்கள். இவனும் வாயை மூடிக்கொண்டான்.

முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்தார்.

"வௌவாலுக்கு எதுக்குங்க அலகு? யார் படத்தையாவது சுட்டு மாத்திட்டீங்களா?"

அடுத்தவர் சரக்கு துளி கலந்தாலும் வெளியீடு நிற்கும். அது அவர்களே போட்ட சட்டம்.

"அத்தை, இவருக்குப் பேச்சே வரலையே!"

"வீட்ல மட்டும்தான்டி அவனுக்கு வாய் காது வரைக்கும்."

"சும்மா இருங்க அத்தை, நீங்க வேற."

மருமகளின் போன் அடித்தது. அவன்தான்.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், எல்லாரும் கேக்கறாங்க. ஆந்தைன்னு சொல்லிட்டேன். நிமிர்த்தட்டுமா, தொங்கட்டுமா?"

நேரலையிலோ அவன் இன்னும் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நேரலை நிஜத்துக்குக் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். மருமகள் என்னைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்கற? உன் ஆந்தை."

அவள் போனை வாயருகே கொண்டுபோனாள். "தொங்கட்டும். ஆனா ஆந்தைன்னே சொல்லுங்க. நான் வரைஞ்ச காகிதம் ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு. போட்டோ எடுத்து அனுப்பறேன். நானே அனுப்பறேன், நேரா!"

போனை வைத்தாள், ஃபிரிட்ஜ் காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். இனி காத்திருக்க வேண்டியதுதான். நேரலையில் அவன் இப்போதுதான் உண்மையைச் சொன்னான். போனை எடுத்தான். இவள் குரல் வந்தது. மருமகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை, யாராவது ஒருத்தர் பார்க்க வேண்டுமே.

அந்தக் கண்ணாடிக்காரப் பெண் குனிந்து, கழுத்தை முறுக்கி, படத்தைத் தலைகீழாகப் பார்த்தார்.

"அட, ஆமா! என்னா முறைப்பு முறைக்குது!"

அரங்கமே கழுத்தை முறுக்கியது.

"கண்ணைத் தொறடி," என்றேன். "நீ உன் புருஷனையே வரைஞ்சிருக்கேன்னு கண்டுபிடிச்சுட்டாங்க."