முப்பத்தைந்துக்குப் பதின்மூன்று

2016 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை, ஃபிஜி நாட்டின் லோமைவிதி தீவுகளில் ஒன்றான எங்கள் தீவில், நவூலோவா கடற்கரையில் ஓர் ஐஸ் இயந்திரம் இறக்கப்பட்டது. அதன் பக்கவாட்டுத் தகட்டில் 35 கிலோவாட் என்று பொறித்திருந்தது. ஊர் ஜெனரேட்டரின் திறன் 24 கிலோவாட்.

இந்த இரண்டு எண்களையும் முதலில் சேர்த்துப் பார்த்தவன் இசிமேலி. ஜெனரேட்டர் அவன் பொறுப்பு. முந்தைய ஜெனரேட்டரும் அவன் பொறுப்பில்தான் இருந்தது. யாரோ சர்ச் கதவை வெல்டிங் செய்யப்போய், பாரம் தாங்காமல் ஜெனரேட்டர் எரிந்துபோனது. அதன்பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக ஊர் மண்ணெண்ணெய் விளக்கில் கிடந்தது. அந்தக் காலத்தில் இளைஞர்கள் இசிமேலியைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார்கள். கலியாண வீடுகளில் இன்றைக்கும் அதைப் பாடுகிறார்கள். அவனும் கூடவே கை தட்டுவான், அது வழக்கம். ஆனால் பாட்டு முடிந்ததும் எழுந்து வெளியே போய்விடுவான்.

இயந்திரத்தைக் கேட்டு வாங்கியவள் உனைசி. சுவா துறைமுகத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். பெண்கள் மீன்பிடிக் குழுவின் தலைவி. கப்பல் வாரம் ஒருமுறைதான் வரும். அதுவரை மீன் தாங்காது. திங்கட்கிழமை பிடித்த வஞ்சிரம் வியாழக்கிழமை பன்றிக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து, மூன்று வருடம் மீன்வள அலுவலகத்தின் படியேறித்தான் அவள் இதை வாங்கினாள். அவர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஊர் மின்சாரத்தில் இயந்திரம் ஓட வேண்டும். ஓடாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கும் ஊருக்குப் போய்விடும்.

அடுத்த ஊர் நதோகோ. பவளப்பாறையைச் சுற்றி இரண்டு மணி நேரப் படகுப் பயணம். அங்கே ஐம்பது கிலோவாட் ஜெனரேட்டர் இருக்கிறது. நதோகோவுக்கும் எங்களுக்கும் மூதாதைத் தெய்வம் ஒன்று. ஆகவே ஒருவர் பொருளை மற்றவர் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம், வாய்க்கு வந்தபடி கேலி பேசலாம், கோபம் மட்டும் வரக்கூடாது. போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் பெரிய பன்றியை ஓட்டிக்கொண்டு போனவர்கள் அவர்கள்தான்.

புதன்கிழமை மாலை ஊர்க்கூடத்தில் யங்கோனா வேரை இடித்துக் குடிக்கக் கரைத்தார்கள். சிரட்டை ஒரு சுற்று வந்ததும் ஊர்த்தலைவர் ஏசலா விஷயத்தை எடுத்தார். இசிமேலி சுருக்கமாகச் சொன்னான். இருபத்துநாலு தருகிற எஞ்சினிடம் முப்பத்தைந்து கேட்டால் அது படுத்துவிடும். படுத்தால் பழைய பாட்டுக்கு இன்னொரு அடி சேரும். தன்னால் முடியாது.

உனைசி அவனுக்கு மாமன் மகள். எங்கள் தீவிலும் அந்த முறைக்காரர்களுக்குள் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"மச்சான், உன் படகு எத்தனை மூட்டை கொப்பரை ஏத்தும்?" என்று அவள் கேட்டாள்.

"இருபது."

"இருபது மூட்டை பெட்ரோலா குடிக்குது?"

கூடம் சிரித்தது. இசிமேலி சிரிக்கவில்லை.

"இரும்புல முப்பத்தஞ்சுன்னு வெட்டியிருக்கான் மாமன் மகளே. உன் வாயில பொறிச்சதில்ல அது."

"அது ஏத்துற மூட்டை மச்சான், குடிக்கிற பெட்ரோல் இல்ல. அந்த மிஷின் குளிரை உண்டாக்கல. தண்ணியில இருக்கிற சூட்டை அள்ளி வெளிய கொட்டுது. அள்ளுற சூடு முப்பத்தஞ்சு. அள்ளுறதுக்கு நீ குடுக்குற கூலி பதிமூணு."

சூட்டையும் கரண்டையும் ஒரே படியால் அளப்பது யாருக்கும் பிடிபடவில்லை. சூடு என்றால் விறகுக் கணக்கு, கரண்ட் என்றால் டீசல் கணக்கு. இரண்டும் எப்படிக் கிலோவாட் ஆகும் என்று ஒரு கிழவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். உனைசி இசிமேலியின் பக்கம் திரும்பினாள்.

மருத்துவ நிலையத்தின் மருந்தறையில் ஏசி மாட்டியவன் அவன்தானே என்று கேட்டாள். அவன்தான். அதன் பெட்டியில் என்ன போட்டிருந்தது? பன்னிரண்டாயிரம் பி.டி.யூ. என்றான். அது ஏதோ விலை உயர்ந்த எண் என்பதற்கு மேல் அவன் யோசித்ததில்லை.

பி.டி.யூ. என்பதும் சூட்டை அளக்கும் படிதான் என்று உனைசி விளக்கினாள். பழைய படி, அவ்வளவுதான். மணிக்குப் பன்னிரண்டாயிரம் பி.டி.யூ. சூட்டை வெளியேற்றுவதும் மூன்றரை கிலோவாட் சூட்டை வெளியேற்றுவதும் ஒன்று. தேங்காயை எண்ணியும் விற்கலாம், நிறுத்தும் விற்கலாம், தேங்காய் மாறுவதில்லை.

"அந்த ஏசியைப் போட்டப்ப உன் முள்ளு எவ்வளவு ஏறுச்சு?"

இசிமேலி யோசித்தான். ஜெனரேட்டர் கொட்டகையில் கிலோவாட் காட்டும் முள் ஒன்று உண்டு. அந்த முள்ளை அவனைப் போல் பார்த்தவர் ஊரில் இல்லை.

"ஒண்ணு," என்றான்.

"மூணரை ஏறலையே?"

"இல்ல. ஒண்ணுதான்."

"வந்திருக்கிற மிஷினு அந்த மாதிரி பத்து ஏசி. லட்சத்து இருபதாயிரம் பி.டி.யூ. பத்து மூணரை முப்பத்தஞ்சு. அதைத்தான் தகட்டுல வெட்டியிருக்கான். கரண்டு பத்துப் போதும்னு நான் சொல்லல. ரூமைக் குளிர வைக்கிறதைவிடத் தண்ணியை உறைய வைக்கிறது கஷ்டம். அதனால பதிமூணு."

இசிமேலி சிரட்டையை வாங்கிக் குடித்தான். ஒப்புக்கொண்டானா என்பது தெரியவில்லை. ஒரு ஏசியை நம்பி இருபத்துநாலு கிலோவாட் எஞ்சினைப் பணயம் வைக்க முடியாது என்றுதான் கடைசியில் சொன்னான். ஏசலா தீர்ப்புச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை ஒரே ஒரு முறை போட்டுப் பார்ப்பது. எஞ்சின் நின்றால் இயந்திரம் நதோகோவுக்கு.

செய்தி எப்படிப் போனதோ, வெள்ளிக்கிழமை விடிந்தபோது நதோகோவின் தட்டைப் படகு கரையில் நின்றது. ஏழெட்டு ஆட்கள், இரண்டு உருளைக் கட்டைகள், ஒரு வடக்கயிறு. அவர்களுக்குத் தலைவன் மேசாகே என்ற பருத்த மனிதன். ஊர்த்தலைவர் முன் முறைப்படி யங்கோனா வேரை வைத்து வணங்கிவிட்டு, எழுந்ததும் வாயைத் திறந்தான்.

"போன தடவை பன்னி. இந்தத் தடவை ஐஸ்பெட்டி. அடுத்த தடவை சர்ச் மணியைக் கழட்டி வைங்க."

ஆட்கள் இயந்திரத்தைச் சுற்றி வந்து எங்கே கயிறு கட்டலாம் என்று பார்த்தார்கள். ஒருவன் உனைசியிடம், ஐஸ் வேண்டுமென்றால் நதோகோவுக்கு வா, உறவுக்காரி என்று பாதி விலைக்குத் தருகிறோம் என்றான். அவள் குழாய் இணைப்புகளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசிமேலி கொட்டகைக்குப் போய் எஞ்சினைக் கிளப்பினான். கரும்புகை ஒரு கொத்து எழுந்து, சத்தம் சீரானது. அவன் கையசைத்ததும் உனைசி தண்ணீர் பம்பைப் போட்டாள். பிறகு விசிறியை. பிறகு, அம்மா மடியிலிருந்து குழந்தையை எடுப்பதுபோல மெதுவாக, பெரிய சுவிட்சை மேலே தள்ளினாள்.

இயந்திரம் ஒரு முறை உறுமியது. கொட்டகையில் எஞ்சின் சத்தம் அடித்தொண்டைக்கு இறங்கியது. டப்பென்று பிரேக்கர் விழுந்தது. எல்லாம் நின்றது.

நதோகோ ஆட்களில் ஒருவன் இசிமேலியின் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தான். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். மேசாகே கயிற்றை இயந்திரத்தின் கால்களுக்கு அடியில் விட்டான். உனைசி சுவிட்சைப் பிடித்தபடியே நின்றாள். அவள் குழுப் பெண்கள் அவளைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்கள்.

இசிமேலி கொட்டகையை விட்டு வெளியே வந்தான். அவன் சொன்னது நடந்துவிட்டது. எஞ்சினுக்குச் சேதமில்லை. அவன் சும்மா நின்றிருந்தால் போதும்.

"கயித்தை எடு மேசாகே."

"ஏன் மாப்ள? ஒரு தடவைன்னுதானே பேச்சு?"

"எடுன்னேன்." ஊர்த்தலைவரிடம் திரும்பினான். "இவ பெரிய சுவிட்சுல கை வைக்கிறதுக்கு முன்னாடியே முள்ளு பன்னெண்டுல நின்னுச்சு. பம்பும் விசிறியும் ரெண்டுகூட வராது. மிச்சம் பத்து எங்க போச்சு?"

அவன் வீடுகளின் பக்கம் கையை நீட்டினான். மின்சாரம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் என்பது எங்கள் ஊர் வழக்கம். காலையில் எஞ்சின் சத்தம் கேட்டதும் ஊர் அதை ஒரு வரமாக எடுத்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகள் இஸ்திரிப் பலகையில் விரித்துக் கிடந்தன. பிரேக்கர் விழும்வரை ஃபிரீசர்கள் ஓடின. ஒரு வீட்டில் தண்ணீர் சூடாக, இன்னொன்றில் கேக் வெந்துகொண்டிருந்தது. ஊர்த்தலைவர் வீட்டு முற்றத்தில், சிட்னி மருமகன் அனுப்பிய வாஷிங் மெஷின் நுரையோடு நின்றிருந்தது.

ஏசலா அதைப் பார்த்தார். எல்லோரும் அவர் பார்ப்பதைப் பார்த்தார்கள்.

"முரசு அடிங்க," என்றார்.

மர முரசு ஒலித்தது. சர்ச்சுக்குக் கூப்பிடும் அடி அல்ல, புயலுக்கு அடிக்கும் அடி. வீடு வீடாகப் பிளக்குகள் பிடுங்கப்பட்டன. உனைசியும் இரண்டு பெண்களும் கடைசி வீடு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கேக் வைத்தவள் மட்டும் கொஞ்சம் வாதாடினாள்.

இசிமேலி மறுபடியும் எஞ்சினைக் கிளப்பினான். இந்த முறை உனைசியிடம் ஒன்று சொன்னான்.

"மணல்ல கிடக்குற படகு மாதிரி இது. தள்ளி எறக்கும்போதுதான் கனம், எறங்கிட்டா தானா போகும். நான் தலையாட்டினப்புறம் தள்ளு. அவசரப்படாத."

கொட்டகைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒரு கை எஞ்சின் மேலும் கண் முள்ளின் மேலுமாக நின்றான். பம்பு. விசிறி. முள் இரண்டுக்குக் கீழே. அவன் தலையாட்டினான். உனைசி தள்ளினாள்.

இயந்திரம் உறுமியது. எஞ்சின் தொண்டையை இறக்கியது. முள் இருபத்துமூன்று வரை பாய்ந்து, அங்கே ஒரு கணம் நடுங்கி, இறங்கத் தொடங்கியது. பத்தொன்பது. பதினாறு. எஞ்சின் மெல்ல நிமிர்ந்து தன் குரலுக்குத் திரும்பியது.

"எவ்வளவு மச்சான்?" உனைசி கத்திக் கேட்டாள்.

அவன் முள் அசையாமல் நிற்கும் வரை காத்திருந்தான். பிறகு வாசலுக்கு வந்து, இரண்டு கை விரல்களையும் விரித்துக் காட்டினான். அப்புறம் மூன்று விரல்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு கூவல் எழுந்தது. மீன் நிறைந்த வலையை இழுக்கும்போது அவர்கள் எழுப்பும் கூவல் அது. இயந்திரத்தின் பின்பக்கத்திலிருந்து சூடான காற்று அடித்தது. மேசாகே அங்கேதான் நின்றிருந்தான். அவன் சட்டை படபடத்தது. உனைசி அவனிடம் போய், தண்ணீரின் சூடு இதுதான், அள்ளிக் கொட்டுவதைத் தொட்டுப் பார் என்றாள். அவன் கையை நீட்டிப் பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் வாய்க்குழாயில் சரசரவென்று சத்தம் வந்து, முதல் ஐஸ் சில்லுகள் தொட்டியில் விழுந்தன. பெண்கள் அள்ளி ஒருவர் முதுகில் ஒருவர் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி ஒரு கைப்பிடியை இசிமேலியின் கழுத்துக்குள் விட்டாள். அன்றைக்குத்தான் அவன் பாட்டுக்குப் புதிதாக ஓர் அடி சேர்ந்தது. அதைப் பாடும்போது அவன் எழுந்து போவதில்லை.

ஏசலா வாஷிங் மெஷினைப் பற்றிப் பேசவில்லை. பகலில் எஞ்சின் ஓடும் நேரம் ஐஸுக்கு மட்டும் என்று அறிவித்தார். தகட்டில் இருந்த 35-க்குக் கீழே இசிமேலி சுண்ணாம்பால் 13 என்று எழுதினான்.

பேசாமல் போவது நதோகோக்காரர்களுக்கு அழகல்ல.

"ஓடுதுல்ல, அப்ப எங்களுக்கும் பங்கு குடு," என்றான் மேசாகே.

"பாதி விலைக்குத் தரோம், உறவுக்காரங்களாச்சே," என்றாள் உனைசி.

நதோகோ படகு பிற்பகலில் கடல்நீர் ஏறியதும் திரும்பியது. வடக்கயிறு மறுபடி சுருட்டப்பட்டுப் படகில் கிடந்தது. அதன் மேல் ஆறு பெட்டி ஐஸ் இருந்தது.