அஹமது கபீர் வீட்டு கேமரா

ஜமீல் பாயிடம் நான் முதலில் சொன்னது சின்னப் பொய்தான். மரக்காணத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து கோட்டக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ணிக்கொண்டிருந்த காலம். 2006. படுக்கையில் கிடந்த அவருடைய அத்தா அஹமது கபீரின் கட்டிலுக்கு மேலே ஒரு கேமரா மாட்டினேன். வெளியிலிருந்து வரும் அழைப்பு வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போகும்படி மோடத்தில் வழி திறந்துவிட்டேன். போர்ட் ஃபார்வர்டிங் என்பார்கள். துபாயில் வேலை பார்க்கும் ஜமீல் பாய் அங்கிருந்து வீட்டு இன்டர்நெட் விலாசத்தின் நம்பரைத் தட்டினால் அத்தா தெரிவார். அடுத்த அறையிலிருந்து தட்டிப் பார்த்தேன், தெரிந்தார். "ரெடி பாய்" என்று போனில் சொல்லிவிட்டேன். வீட்டுக்குள்ளிருந்து பார்ப்பதெல்லாம் ஒரு சோதனையா? பத்து வீடு தள்ளி பிரவுசிங் சென்டர் இருந்தது. சோம்பேறித்தனம்.

அவருக்குத் திறக்கவில்லை. "அங்க பிளாக் பண்ணி வச்சிருப்பான் பாய்" என்று துபாய் மேல் பழியைப் போட்டேன். அப்புறம்தான் மோடத்தை ஒழுங்காகப் பார்த்தேன். தெரு முழுவதற்கும் இன்டர்நெட் கம்பெனி ஒரே விலாசத்தை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு உள்விலாசம் கொடுத்திருந்தான். துபாயிலிருந்து வருவது கம்பெனி வாசலோடு நின்றுவிடும். நான் மோடத்தில் எத்தனை வழி திறந்தாலும் வீண். தனி விலாசம் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஜமீல் பாயின் மனைவி ஃபாயிசா அக்கா கையெழுத்துப் போட வேண்டும். கேட்டால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரத்தை ஓட்டினேன்.

எட்டாம் நாள் விடியற்காலையில் பெரியவர் மவுத்தாகிவிட்டார்.

எங்கள் பக்கம் மகன் வரும்வரை இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருப்போம். இவர்கள் வீட்டில் அன்றைக்கே அடக்கம். ஜமீல் பாயின் பாஸ்போர்ட்டோ முதலாளி கையில். "முகத்த மட்டும் பாத்துக்கிறேன்" என்று அழுதாராம். மதிய லுஹர் தொழுகைக்கு எடுப்பதாக இருந்த ஜனாஸாவை, என்னை நம்பி சாயங்கால அஸருக்குத் தள்ளி வைத்தார்கள்.

கம்பெனிக்கு போன் போட்டேன். "மூணு நாளாகும் சார்" என்றான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டேன். போர்ட்டை மாற்றினேன். எதுவும் ஆகாது என்று தெரிந்தே இரண்டு மணி நேரம் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். நான் நடித்துக்கொண்டிருந்தேன்.

ஃபாயிசா அக்கா கதவோரம் வந்து நின்றார். "தம்பி, பிரவுசிங் சென்டர்ல சாட்ல முகம் பாத்துப் பேசுறாங்களே. அது மாதிரி ஆவாதா?"

ஆகும். அதில் இங்கிருந்து நாம்தான் வெளியே போகிறோம், கம்பெனி தடுக்காது. கேமரா கையிலேயே இருந்தது, பத்து நிமிட வேலை. ஆனால் ஆகும் என்றால், ஒரு வாரமாக ஏன் செய்யவில்லை என்று கேட்பாரே.

"அதுல கிளியரா தெரியாதுக்கா. இதோ வந்துரும், ஒரு அரை மணி நேரம்" என்றேன். அந்த வாயை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

அஸர் பாங்கு சொன்னதும் ஜமாத் பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டார். "போதும்பா. மய்யித்த இதுக்கு மேல காக்க வைக்கக் கூடாது." தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் ஜமீல் பாய் என் செல்லுக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"காசி, சோறு தண்ணி இல்லாம ரெண்டு மணி நேரம் போராடுனியாமே, ஃபாயிசா சொல்லிச்சு. இங்க இவனுங்க பிளாக் பண்ணி வச்சிருந்தா நீ என்னா பண்ணுவ?" மூக்கை உறிஞ்சினார். "அத்தா பக்கத்துலயே இருந்தியே. முகம் எப்படிடா இருந்துச்சு?"

அந்த இரண்டு மணி நேரமும் படம் ஓடுகிறதா என்று பார்த்தேன். நம்பர்களைப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த மனிதரின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"தூங்குற மாதிரி இருந்தாரு பாய்" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "இன்னொரு வாட்டி சொல்லு காசி" என்றார்.

சொன்னேன்.