தட்டல் நிற்கும் வரை

கதவு மறுபடியும் உரசியது. லோயிஸ் காரின் இடப்பக்கத்து ஓட்டுநர் கதவை அரை அடி திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். மட்கார்டின் பின் விளிம்பு கதவைக் கடித்து, நல்ல பச்சை வர்ணத்தில் நகம் பட்டதுபோல ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தது. காலை ஏழு மணியிலிருந்து செய்த வேலை. இப்போது மணி பத்தே கால்.

"நாசமாப் போச்சு" என்றாள்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான். கணவன் டுவெய்னுக்குக் குரல் போய் இரண்டு நாளாகிறது. சிரிப்பு மட்டும் வெறும் மூச்சாக எப்படியோ வெளியே வந்துவிடுகிறது.

"சிரி, நல்லா சிரி. எழுந்து வந்து நீயே செய்யேன் பாக்கலாம்."

கட்டிலைக் கார் கொட்டகையில்தான் போட வேண்டும் என்று அடம் பிடித்தவன் அவன். பெட்ரோல் வாடை, சிமெண்டுத் தரை, இந்த அக்டோபர் குளிர், இதிலா என்று நர்ஸ் ட்ரிஷ் முகத்தைச் சுளித்தாள். லோயிஸ் வீட்டிலிருந்து இரண்டு ஹீட்டரைக் கொண்டுவந்து வைத்து, நர்ஸின் வாயை அடைத்தாள். பின்சுவரை ஒட்டிக் கட்டில், தலைமாட்டை உயர்த்தி வைத்திருந்தது. அதற்கு எதிரே ஆறடி தள்ளி, அறுபத்தெட்டாம் வருஷத்து ஷெவெல் கார் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. கண்ணைத் திறந்தால் அவனுக்குத் தெரிவது அதன் முகம்தான்.

அந்த முகத்தில்தான் கோளாறு. பானட்டின் முன் விளிம்பில் ஓடும் குரோம் பட்டையும் இரண்டு மட்கார்டு முனைகளிலும் இருக்கும் பட்டைகளும் ஒரே கோடாகச் சேர வேண்டும். வலப்பக்கம் சேர்ந்திருந்தது. இடப்பக்கம் கால் அங்குலம் கீழே இறங்கி, வாதம் வந்த வாயைப்போலக் கோணிக்கொண்டிருந்தது.

கோணலாக்கியவள் லோயிஸ். போன நவம்பரில், ஆற்றோரச் சாலையில், இருட்டத் தொடங்கும் நேரம், ஒரு மான். முப்பத்தொரு வருஷத்தில் அவள் அந்த வண்டியைத் தனியாக ஓட்டிய ஒரே நாள் அதுதான். டுவெய்ன் ஒஹாயோவில் ஒரு மட்கார்டைத் தேடிப் பிடித்து, வர்ணம் அடித்து, மார்ச்சில் மாட்டினான். வரிசை பார்த்து முடுக்க வேண்டிய வாரத்தில்தான் அவனால் முதல்முறையாக ஸ்பேனரை அழுத்தித் திருப்ப முடியாமல் போனது. இத்தனை நாளில் ஒரு வார்த்தை அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. ஒரே ஒரு தடவை கேட்டான், அந்த நேரத்தில் ஆற்றோரம் உனக்கு என்ன வேலை என்று. பால் வாங்கப் போனேன் என்றாள். வண்டியில் பால் இல்லை என்பதை அவன் பார்த்திருப்பான். அதற்கப்புறம் கேட்கவில்லை.

இன்றைக்கோ நாளைக்கோ என்று ட்ரிஷ் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவன் கண் மூடுவதற்குள் அந்தப் பட்டை நேராக வேண்டும். லோயிஸின் மனதில் வேறு எதுவும் இல்லை.

டுவெய்ன் கையிலிருந்த அரை அங்குல ஸ்பேனரைத் தூக்கி மறுபடியும் கதவைக் காட்டினான். காலையிலிருந்து இதைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறான். கொட்டகைக் கதவு வழியாகக் குளிர் வருகிறது என்கிறான் என்று நினைத்து, அவள் இரண்டாவது கம்பளியையும் போர்த்தினாள், மூன்றாவதையும் போர்த்தினாள். இப்போதுதான் உறைத்தது.

"அட கடவுளே! காரோட கதவா?"

அவன் கண்ணை மூடித் திறந்தான். ஆமாம், மடச்சி, என்று அர்த்தம்.

கோணல் முன்னால் தெரிகிறதே என்று முன்னாலிருந்து ஆரம்பித்திருந்தாள். புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. கதவை வைத்து மட்கார்டு, மட்கார்டை வைத்து பானட், கடைசியில்தான் பட்டை. பழைய கார் சங்கத்து ஆட்களுக்கு அவன் இதை நூறு தடவை சொல்லியிருப்பான். ஒவ்வொரு தடவையும் காபிக் கோப்பையோடு பக்கத்தில் நின்று கேட்டவள் அவள். மூன்று மணி நேரம் போய்விட்டது. அவனிடம் இருந்ததே எத்தனை மணி நேரமோ, அதில் மூன்று. தரையில் உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. அழ நேரமில்லை. எல்லா போல்ட்டையும் தளர்த்திவிட்டுக் கதவிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

பதினொன்றரைக்கு எல்டன் வந்தான். டுவெய்னின் தம்பி. இரண்டு முட்டியும் மாற்றிவைத்த ஆள், கையில் டோனட் பெட்டி. அண்ணனைக் குனிந்து பார்த்தான், நெற்றியைத் தொட்டான். பிறகு மட்கார்டுக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த லோயிஸின் கால்களைப் பார்த்தான்.

"என்ன பண்ற நீ?"

"பாத்தா தெரியல?"

"லோயிஸ், அவன் மூச்சு மாறியிருக்கு. வெளிய வா. கையப் புடிச்சிக்கிட்டு பக்கத்துல உக்காரு."

"கையப் புடிச்சா பட்டை நேராயிடுமா?"

"பட்டை எங்கயும் ஓடிடாது. நாளைக்குப் பாத்துக்கலாம். நான் சங்கத்துல சொல்லி ரெண்டு பேரக் கூட்டிட்டு வரேன்."

அவள் சக்கரப் பலகையோடு உருண்டு வெளியே வந்தாள். முகத்தில் கிரீஸ், தலைமுடியில் துரு.

"நாளைக்கு யாருக்கு நேரா இருக்கணும் எல்டன்? உனக்கா? ஒடச்சவ நான். மார்ச்சுலருந்து அவன் இதப் பாத்துக்கிட்டே இருக்கான். இதப் பாத்துக்கிட்டே போகணுமா?"

"அதுக்கில்ல..."

"போப்பா. மருந்துக்கடையிலருந்து கூப்பிட்டாங்க, ட்ரிஷ் எழுதிக் குடுத்த சொட்டு மருந்து வந்துருச்சாம். போய் வாங்கிட்டு வா. உனக்கு அடியில படுக்கவும் முடியாது, இங்க நின்னா என் கையும் ஓடாது."

எல்டன் அண்ணனைப் பார்த்தான். டுவெய்ன் ஸ்பேனரால் கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினான்.

"பாத்தியா" என்றாள் லோயிஸ். "அவனே சொல்லிட்டான்."

"ரெண்டும் சரியான கிறுக்குங்க" என்று முனகிக்கொண்டு எல்டன் போனான். டோனட் பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக மறந்துவிட்டான், அல்லது வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனான்.

கதவு இப்போது உரசவில்லை. மட்கார்டின் பின் போல்ட்டுகளை முடுக்கினாள். பானட்டின் இடுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு. மிச்சம் அந்த மூலைதான். ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தை இடப்பக்கம் கொஞ்சம் ஏற்றி, இடைவெளியில் லாட வடிவத் தகடுகளைச் செருகி முடுக்க வேண்டும். கட்டைத்துண்டு வைத்து ஜாக்கை நிறுத்தினாள். அடியில் படுத்தால் முன்னால் என்ன ஆகிறது என்று தெரியாது. அதற்குத்தான் இன்னொரு ஆள்.

இந்த வீட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. சத்தத்தில் கத்திப் பயனில்லை என்று அண்ணனும் தம்பியும் தாங்கள் வேலை பார்த்த வார்ப்பு ஆலையிலிருந்து கொண்டுவந்தது. முன்னால் நிற்பவர் தட்டினால், இன்னும் ஏற்று. தட்டல் நின்றால், அங்கேயே நிறுத்து, முடுக்கு. கொட்டகையிலிருந்து வண்டியை வெளியே எடுப்பதுகூட இப்படித்தான், வாசல் நிலையில் ஒருவர் தட்டத் தட்ட இன்னொருவர் பின்னால் எடுப்பார். முப்பத்தொரு வருஷமாக அவன் அடியில் படுத்தான், அவள் தட்டினாள். இன்றைக்கு மாறிவிட்டது.

அவள் கட்டிலருகே போய், அவன் விரல்களை ஸ்பேனரைச் சுற்றி மூடினாள். விரல்கள் குளிர்ந்திருந்தன.

"நான் அடியில போறேன். நீ தட்டு. நேராச்சுன்னா நிறுத்திடு. தூங்கிடாத, என்ன?"

அவன் அவளையே பார்த்தான். அவள் அவன் மோவாயைத் துடைத்துவிட்டு, பலகையில் படுத்து உள்ளே உருண்டாள்.

ஜாக்கை ஒரு அழுத்து அழுத்தினாள்.

டங்.

இன்னொரு அழுத்து.

டங்.

"நல்லா கேக்குது" என்றாள். ஒரு வருஷத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை. ஒரு அழுத்து, ஒரு தட்டு. ஒரு அழுத்து, சற்றுப் பொறுத்து ஒரு தட்டு. சட்டம் முனகிக்கொண்டு ஏறியது. இரண்டு தகடுகளைச் செருகினாள். மூன்றாவதைக் கையில் தயாராக வைத்துக்கொண்டாள். ஒரு அழுத்து.

டங் என்று மெல்ல.

இன்னும் ஒரு அழுத்து.

காத்திருந்தாள். ஹீட்டர் இரைந்தது. தட்டல் வரவில்லை.

"சரியா வந்துருச்சா? இதானே?"

தட்டல் இல்லை.

"வந்துருச்சு! டுவெய்ன், வந்துருச்சுடா!" அவள் மல்லாந்து படுத்தபடியே சத்தமாகச் சிரித்தாள். மூன்றாவது தகட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போல்ட்டை முடுக்க ஆரம்பித்தாள். அவசரத்தில் ஸ்பேனர் இரண்டு தடவை வழுக்கியது. வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தபடி, அவன் முகத்தைப் பார்த்து ஒருபோதும் சொல்ல முடியாததை அப்போதுதான் சொன்னாள்.

"அன்னைக்கு நான் பால் வாங்கப் போகல. டாக்டர் ஆபீசுலருந்து போன் வந்துச்சு. நீ தூங்கிட்டு இருந்த. அவங்க சொன்னாங்க. உன் வியாதியப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீ எழுந்தா உன் மூஞ்சியப் பாத்து எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல, சாவிய எடுத்துட்டுக் கெளம்பிட்டேன். ஆத்தோரம் போறேன், வரேன், போறேன், வரேன். கண்ணு தெரியல, அழுதுட்டே ஓட்டினேன். மான் வந்தது எனக்குத் தெரியவே தெரியாது. கேக்குதா? நான் அழுதது உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான்..."

எல்டனின் செருப்பு சிமெண்டுத் தரையில் வந்து நின்றது. மருந்துக்கடைக் காகிதப்பை கீழே விழுந்தது.

"லோயிஸ்" என்றான்.

"இரு, கடைசி போல்ட்டு."

"லோயிஸ். வெளிய வா."

அவள் அந்த போல்ட்டை முழுசாக முடுக்கிவிட்டுத்தான் வெளியே வந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே பிற்பாடு விளங்கவில்லை. எல்டனின் குரலிலேயே எல்லாம் இருந்தது.

ஸ்பேனர் கம்பளியின் மடிப்பில் கிடந்தது. டுவெய்னின் கண்கள் பாதி திறந்து, வண்டியைப் பார்த்தபடி இருந்தன. எல்டன் அவற்றை மூடக் கையை நீட்டினான்.

"இரு" என்றாள். கையை பேண்டின் பின்பக்கத்தில் துடைத்துக்கொண்டு டுவெய்ன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கன்னத்தோடு கன்னம் வைத்து, அவன் பார்த்த திசையில் பார்த்தாள்.

பட்டை நேராக இல்லை. காலையில் இருந்த கால் அங்குலம் போய்விட்டது, உண்மைதான். மிச்சம் இருந்தது ஒரு தகட்டின் கனம். தெரியாதவர்கள் பார்த்தால் நேர் என்றுதான் சொல்வார்கள். டுவெய்ன் சொல்லமாட்டான்.

அவள் அலறவில்லை. மூன்றாவது தகடு இருந்த சட்டைப்பைக்கு மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, எல்டன் ட்ரிஷுக்குப் போன் செய்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அடக்கம். செத்தவரின் வண்டி பிண வண்டிக்கு நேர் பின்னால் போக வேண்டும், அதற்கப்புறம்தான் மற்றவர்கள், அது சங்கத்து வழக்கம். ஒன்பது மணிக்கே எல்டன் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, வண்டியின் முன்னால் சிரமப்பட்டுக் குனிந்து நின்றான். பின்சுவரோரம் கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. கட்டைவிரலால் இடது மூலையைத் தடவினான். பட்டை சேருமிடத்தில் விரல் தடுக்கியது. சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்த லோயிஸ் அதைப் பார்த்தாள்.

"ஒரு தகடுதான் லோயிஸ்" என்றான் மெதுவாக. "அஞ்சு நிமிஷ வேலை. பசங்க வெளியதான் நிக்கிறாங்க. இன்னைக்கு எல்லாரும் வந்து இங்கதான் பாப்பானுங்க."

"வேணாம்."

"கோட்டக் கழட்டிட்டு ஒருத்தன் அடியில படுத்தா..."

"தொடாத எல்டன். அவன் அங்கதான் நிறுத்தச் சொன்னான்."

எல்டன் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஸ்பேனர் கம்பளியில் கிடந்ததைப் பார்த்தவன் அவன். கைக்குட்டையை எடுத்து, தன் விரல் பட்ட இடத்தில் குரோமைத் துடைத்தான்.

"சாவியக் குடு, நான் ஓட்டறேன்" என்றான்.

"நான் ஓட்டறேன்."

மானுக்கு அப்புறம் அவள் அந்த இருக்கையில் உட்கார்ந்ததில்லை. இருக்கை அவன் காலுக்குத் தோதாகப் பின்னால் தள்ளியிருந்தது. அதை முன்னால் இழுக்காமல் நுனியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். எஞ்சின் முதல் திருப்பலிலேயே பிடித்துக்கொண்டது. கொட்டகையின் சுவரெல்லாம் அதிர்ந்தது. எல்டன் வெளியே போய், நிலையோரம் நின்று, மோதிரம் போட்ட விரலால் மரத்தில் தட்ட ஆரம்பித்தான்.

அவள் பின்னால் எடுத்தாள். தட்டல், ஒரு அடி. தட்டல், இன்னொரு அடி. பாதி வண்டி வெயிலுக்கு வந்துவிட்டது.

தட்டல் நின்றது.

அவள் பிரேக்கை அழுத்தினாள். தெருவில் பள்ளிப் பேருந்து ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, அதற்காகத்தான் எல்டன் நிறுத்தியிருந்தான். அவளுக்குப் பேருந்து கண்ணில் படவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிரே காலியாக இருந்த பின்சுவரையே பார்த்தாள்.

பேருந்து போய்விட்டது. பிண வண்டி தெருவோரம் காத்திருந்தது. எல்டன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கையைத் தூக்கி, அவளுக்கு நன்றாகக் கேட்கும்படி, மறுபடியும் தட்டத் தொடங்கினான்.