இரண்டு அண்ணிகள்

நகராட்சி போட்ட புது விதி மூன்றே வரிதான். குடியிருப்புத் தெருக்களில் முப்பது நாளுக்குக் குறைவாக யாருக்கும் வீடோ அறையோ வாடகைக்கு விடக்கூடாது. மீறினால் அந்த இடத்துக்குச் சீல். உறவினர் வந்து தங்கினால் மட்டும் இது பொருந்தாது. மூன்றாவது வரிக்காக மன்றாடியவர் குடியிருப்போர் சங்கத் தலைவர். குடும்பப் பண்பாடு காக்கப்பட வேண்டும் என்று கூட்டத்தில் அரை மணி நேரம் முழங்கினார். அவருடைய சம்பந்தி வீட்டார் விடுமுறைதோறும் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவது தெருவுக்கே தெரியும். அதனால் யாரும் பண்பாட்டை எதிர்த்துப் பேசவில்லை.

அந்த விதி கேட்டு எழுதிய மனுவில் தையல்காரம்மாவும் கையெழுத்துப் போட்டிருந்தாள். எதிர்வீட்டைக் கண்ணிலேயே படாத ஒருவர் வாங்கி, நாளுக்கொரு கும்பலுக்கு விட்டுக்கொண்டிருந்தார். பாட்டு, கூச்சல், அவள் வாசலை மறித்து நிற்கும் கார்கள். ஒருநாள் ஈரத்தலையோடு ஓர் ஆசாமி அவள் கதவைத் தட்டி, துண்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டான். மறுநாளே கையெழுத்து.

கையெழுத்துப் போடும்போது தன் மாடியறை அவள் நினைவுக்கே வரவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த கண் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் அங்கே நாலைந்து நாள் தங்குவார்கள். கீழே இவள் மெஷின் ஓடும், மேலே யாராவது கண்ணில் கட்டோடு படுத்திருப்பார்கள். அந்த அறை இருந்ததால்தான் லாரி ஓட்டும் அவள் கணவன் நெடுந்தூர ஓட்டத்தை விட்டு, வாரத்தில் மூன்று நாளாவது வீட்டில் சாப்பிட முடிந்தது. அறை போனால் அவனும் பழையபடி மாதக்கணக்கில் போய்விடுவான்.

ஒரு நோட்டீஸ் ஏற்கெனவே வந்தாயிற்று. இன்று ஆய்வு. மாடியில் இருந்தது ஒரு கணக்கு டீச்சரும், முந்தின நாள் அறுவை முடிந்து வந்த அவர் கணவரும்.

"யார் கேட்டாலும் எங்க வீட்டுக்காரரோட தங்கச்சின்னு சொல்லிடுங்க டீச்சர். என்னை அண்ணின்னு கூப்பிடுங்க. அவ்வளவுதான்."

"பொய்தானே?" என்றார் டீச்சர். வாழ்க்கையில் விடைத்தாளைத் தவிர வேறெதையும் திருத்திப் பழகாதவர். "சரி, சொல்றதா இருந்தா ஒழுங்கா சொல்லணும். உங்க வீட்டுக்காரருக்கு என்ன வயசு?"

அதற்குள் வாசலில் குரல் கேட்டது. தலைவருக்கு ஒலிபெருக்கி இல்லாமலே ஒலிபெருக்கியில் பேசும் குரல். கழுத்தில் 'தலைவர்' என்று அச்சடித்து, தன் படமும் ஒட்டிய அட்டை ஒன்று தொங்கியது. முப்பது வருஷமாக அதே தெருவில் குடியிருக்கிற மனிதர், யாருக்கும் அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று பயந்தார் போலும். அவருக்குப் பின்னால் நகராட்சி ஆய்வாளர், காலையிலேயே ஏழு மாடி ஏறி இறங்கிய முகத்தோடு.

"தங்கியிருக்கிறது யாரு?" என்றார் ஆய்வாளர்.

"நாந்தாங்க. இவங்க எனக்கு அண்ணி," என்றார் டீச்சர், ஒப்பிப்பது போல.

"உட்காருங்க அண்ணி, ஏன் நிக்கிறீங்க?" என்றாள் தையல்காரம்மா. டீச்சர் என்ற மரியாதையும் பதற்றமும் சேர்ந்து, நாக்கு அதுவாகப் புரண்டுவிட்டது.

தலைவர் இதற்காகவே பிறந்தவர்போல நிமிர்ந்தார். "இரு, இரு. நீ அவங்களுக்கு அண்ணி. அவங்க உனக்கும் அண்ணியா? அது எந்த ஊரு நியாயம்மா?"

தையல்காரம்மா டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சரோ ஒரு நொடி கூரையைப் பார்த்தார். கஷ்டமான கணக்கு என்றதும் முகத்தில் ஒரு களை வந்தது.

"ஏன் முடியாது? எங்க அண்ணன் இவங்களைக் கட்டினார். இவங்க அண்ணன் என்னைக் கட்டினார். பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுத்தோம். ரெண்டு பேருமே ரெண்டு பேருக்கும் அண்ணிதான். வேணும்னா படம் போட்டுக் காட்டறேன்."

ஆய்வாளர் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் வருது சார்," என்றார்.

தலைவர் விடவில்லை. "அப்படின்னா மேல படுத்திருக்கிறவர் இவளோட கூடப்பிறந்த அண்ணன்! வாங்க, அவரையே கேட்டுடுவோம்."

டீச்சரின் முகத்திலிருந்து களை இறங்கியது. அண்ணனுக்குத் தான் அண்ணன் என்பது தெரியாதே.

நாலு பேரும் மாடி ஏறினார்கள். கட்டிலில் ஒரு கண்ணில் கட்டோடு மனிதர் மல்லாந்து கிடந்தார். தலைவர் தையல்காரம்மாவை முன்னால் இழுத்து நிறுத்தி, "ஐயா, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

அவர் திறந்திருந்த கண்ணால் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "எனக்கா? கொஞ்சம் வெந்நீர் வேணும்," என்றார்.

ஆய்வாளர் சிரித்தேவிட்டார். தையல்காரம்மா அடுப்பை மூட்டி, வெந்நீர் வைத்து, ஆற்றிக் கொண்டுவந்து அவர் தலையைத் தாங்கிக் குடிக்க வைத்தாள். ஆய்வாளர் பேனாவைத் திறந்தார்.

"எனக்கு இது போதும்மா. அண்ணன்னு எழுதிக்கவா? நீங்க சரின்னா நான் போயிட்டே இருப்பேன்."

சரி என்ற சொல் அவள் உதட்டு நுனியில்தான் இருந்தது. ஜன்னல் வழியே எதிர்வீடு தெரிந்தது. கைப்பிடிச் சுவர் முழுக்க யார் யாருடைய துண்டுகளோ காய்ந்தன. இங்கே அண்ணன் செல்லுபடியானால் அங்கே என்னவெல்லாம் செல்லுபடியாகும் என்று நினைத்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வேண்டாங்க. அவர் எனக்கு யாரும் இல்ல. ஆறு நாளைக்கு வாடகைக்கு வந்தவர்."

"கேட்டீங்களா! கேட்டீங்களா!" என்றார் தலைவர். வெற்றி கிடைத்ததும் அதை என்ன செய்வதென்று தெரியாமல் அட்டையை நேராக்கிக்கொண்டார்.

"கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அவரை யாரும் எழுப்ப மாட்டோம். சனிக்கிழமை வந்து சீல் வைக்கணும். என் கையில இல்லம்மா," என்றார் ஆய்வாளர்.

"வீட்டுக்காரியே கீழ குடியிருக்கிற வீடும், ஆளே இல்லாத அந்த வீடும் ஒண்ணாங்க? இதை எங்க போய்ச் சொல்றது?"

"புதன்கிழமை நகர்மன்றக் கூட்டம். பேர் கொடுத்தா பொதுமக்களும் பேசலாம். மூணு நிமிஷம்."

"முதல்ல சங்கத்துக்கு மனு கொடுக்கணும். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார் தலைவர்.

"நீங்க சங்கத்துல பேசுங்க சார். நான் அங்க பேசிக்கிறேன்," என்றாள் தையல்காரம்மா.

அவர்கள் இறங்கிப் போனதும் டீச்சர் பிடித்துக்கொண்டார். "சரியான விடையை எழுதிட்டு யாராவது அழிப்பாங்களா? எவ்வளவு அழகா வந்தது!"

"எதிர்வீட்டுல நாளைக்கே பதினாறு மச்சான் வந்து இறங்குவாங்க டீச்சர். அப்போ நான் யார்கிட்ட போய் நிக்கிறது?"

தையல்காரம்மா துணியில் குறிபோடும் பென்சிலை எடுத்து, ஒரு தாளில் எழுதி, வாய்விட்டுப் படித்தாள்.

"அய்யா, நான் வாடகைக்கு விட்டேன். அவங்க மேல தூங்கினாங்க, நான் கீழ தூங்கினேன். யார் சத்தம் போட்டாலும் முதல்ல முழிக்கிறவ நாந்தான்."

"பத்து விநாடி," என்றார் டீச்சர், கைக்கடிகாரத்தைப் பார்த்து. "இன்னும் நூத்தி எழுபது இருக்கு. சொல்லுங்க."