கை வைத்த குற்றம்

விசிலைப் பிடுங்கிய பிறகும் எல்லோரும் அவளை விசில் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதவி போன மந்திரியை மந்திரி என்றே கூப்பிடுவதில்லையா, அந்த மாதிரி.

முன்பெல்லாம் அவள் காவலர். காக்கிச் சட்டை, கழுத்தில் கயிறு, கயிற்றில் விசில். பழைய கல்மண்டபத்தின் தூணில் தன் பெயரையும் காதலியின் பெயரையும் கீற எவனாவது ஆணியை எடுத்தால் ஒரே ஊதல்தான். ஆணி தானாகக் கீழே விழும். காதல் அதோடு நிலைத்ததா என்பது வேறு விஷயம், தூண் பிழைத்தது.

பிறகு புது மேலதிகாரி வந்தார். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘அனுபவம்’. வயதுக்காக வைத்த பெயர் இல்லை. மனிதர் வாயைத் திறந்தால் ‘விருந்தினர் அனுபவம்’ என்றுதான் ஆரம்பிப்பார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போய் நின்றால், “அது அனுபவத்தைப் பாதிக்குதா?” என்று கேட்பார். யாரோ ஒரு பயணி, ‘இடம் அருமை, விசில் சத்தம்தான் தலைவலி’ என்று இணையத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டான். அடுத்த வாரமே விசில்கள் பறிமுதலாயின. காவலர்கள் அத்தனை பேரும் ‘விருந்தினர் தோழமை’ ஆனார்கள். காக்கி போய் மஞ்சள் கோட்டு வந்தது. கோட்டின் முதுகில் ‘என்னைக் கேளுங்கள்’ என்று எழுதியிருந்ததால், வருகிறவர்கள் எல்லாம் முதுகைப் பார்த்தே கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். சிரிப்பதற்குப் பயிற்சி வேறு கொடுத்தார்கள். பல் தெரியலாமாம், ஈறு தெரியக் கூடாதாம்.

இதையெல்லாம் கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அந்தப் பலகை விஷயம்தான் தொண்டையில் முள்ளாக நின்றது.

மண்டபத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பவள் அம்மா. யார் செதுக்கியது, எந்தக் காலத்தில் என்று தெரியாது. கல்முகம் பாதி தேய்ந்துவிட்டது. வலது உள்ளங்கை மட்டும் முழங்கால் மேல் விரிந்தபடி அப்படியே இருந்தது. ஊர்க்காரர்கள் அங்கே வந்து எதையும் கேட்பதில்லை. வீட்டில் சொல்ல முடியாததை நாலடி தள்ளி நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். விசில் அக்காவும் ஒருமுறை நின்றிருக்கிறாள், பிறந்த பிள்ளை தங்காமல் போன வருஷம். புருஷன் பக்கத்தில் நின்றார். அவர் வாயில் வார்த்தை வராமல் அவள் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். அப்போதும் இரண்டு பேரும் அம்மாவைத் தொடவில்லை. யாரும் தொட்டதில்லை.

அம்மாவின் முன்னால் இருந்த பலகையில் ‘கை வைக்காதீர்கள்’ என்று இருந்தது. அது எதிர்மறையாக இருக்கிறது, விருந்தினர் முகத்தில் அறைகிறது என்று அனுபவம் அதைக் கழற்றச் சொன்னார். புதுப் பலகை வந்தது: ‘அன்போடு அணுகுங்கள்.’

அணுகினார்கள். கட்டிப்பிடித்தார்கள், கன்னத்தில் முத்தம் கொடுத்தார்கள். ஒரு பெண்மணி ஈரத் துண்டை அம்மாவின் தோளில் காயப்போட்டாள். எல்லாம் அன்புதான்.

நேற்று வந்தவன் சிவப்புத் தொப்பி. கூட ஒருத்தி கேமராவோடு. தொப்பிக்காரன் நேராகப் போய் அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்தான். விரிந்த உள்ளங்கையில் குளிர்பான டப்பாவை வைத்தான். விசில் அக்கா ஓடிப்போய்ப் பயிற்சியில் சொன்னபடி சிரித்தாள்.

“சார், இறங்குங்க சார்.”

அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவளுடைய முதுகை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் கண்ணடித்தான். பிறகு இன்னொரு கோணத்தில் படம் எடுக்கத் திரும்பி உட்கார அம்மாவின் கையைப் பிடித்து எம்பினான்.

காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். சுண்டுவிரல் அவன் கையோடு வந்துவிட்டது.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிரித்தான். சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை உலகமே பார்த்தது. மஞ்சள் கோட்டு போட்ட ஒருத்தி ஒரு பயணியின் காலரைப் பிடித்து இழுக்கிறாள், அவன் தரையில் பொத்தென்று விழுகிறான். கேமராக்காரி இணையத்தில் ஏற்றிய காட்சி அங்கேதான் தொடங்கியது. அதற்கு முன்னால் உலகமே இல்லை.

இன்று காலை விசாரணை.

“மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடும்மா,” என்று கிளம்பும்போதே சொன்னார் புருஷன். “வாய்தானே, கேட்டா தேஞ்சா போயிடும்?”

“உங்க வாய் தேயாதுன்னு ஊருக்கே தெரியும். எனக்கு வேலையக் காப்பாத்துறது அப்புறம். அந்த விரல் திரும்பி வரணும்.”

அவர் அதே இடத்தில் வழிகாட்டி. சக வழிகாட்டிகள் வைத்த பெயர் ‘புராணம்’. கல்லைக் காட்டினால் கதை சொல்வார். கல் இல்லாவிட்டாலும் சொல்வார். சிவப்புத் தொப்பியின் பாஷை அவருக்குச் சரளம் என்பதால் விசாரணைக்கு மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். வழக்கமாக இப்படி ஒரு அழைப்பு வந்தால் மனிதர் தெருக்கோடி வரை தம்பட்டம் அடிப்பார். இன்று வாயைத் திறக்காமல் நடந்து வந்தார். தன்னை நினைத்துத்தான் கவலை என்று அவள் கொஞ்சம் நெகிழ்ந்துகூடப் போனாள்.

அனுபவத்தின் அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. மேஜைக்கு ஒரு பக்கம் தொப்பியும் கேமராக்காரியும் பழரசம் குடித்துக்கொண்டிருந்தார்கள். மேஜை மேல் ஒரு கண்ணாடிப் பேழை. உள்ளே பட்டுத்துணி, அதன் மேல் ஒரு விசில். அவளுடையதுதான். கயிற்றில் இருந்த முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘நம் நிறுவனத்தின் பழைய நடைமுறைகள்.’ அதற்குக் கீழே, கொட்டை எழுத்தில்: ‘கை வைக்காதீர்கள்.’

“வாங்கம்மா,” என்றார் அனுபவம். “உட்கார வேணாம், சீக்கிரம் முடிச்சிடலாம். உங்க மேல இருக்கிற புகார் என்னன்னா, பணியில இருந்தப்ப விருந்தினர் மேல கை வைச்சிருக்கீங்க. வைச்சீங்களா?”

“வைச்சேன் சார். அவர் எது மேல கை வைச்சார்னு கேளுங்க.”

“அது இந்த விசாரணைல வராது.”

“அம்மாவோட சுண்டுவிரல் சார். ஒடிச்சுப் பையில போட்டுக்கிட்டார். என் கண்ணால பார்த்தேன்.”

அனுபவம் பொறுமையின் சிகரமாகக் கண்ணை மூடித் திறந்தார். “அம்மா, நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. நம்ம பதிவுல அந்தச் சிலையோட நிலைமை என்ன? ‘சிதைந்தது’. முன்னாடியே சிதைஞ்ச ஒண்ண ஒருத்தர் எப்படிச் சிதைக்க முடியும்? நிர்வாக ரீதியா அந்த விரல் இல்லவே இல்ல.”

அவளுடைய பார்வை தன்னையறியாமல் அவருடைய வழுக்கைக்குப் போனது. காதோரம் மிச்சமிருந்த நாலு முடியையும் நிர்வாக ரீதியாகப் பிடுங்கிவிடலாமா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

“இப்ப என்ன பண்ணணும் சார்?”

“கேமராவப் பார்த்து மன்னிப்புக் கேக்கணும். சிரிச்ச முகமா. அவங்க அதைப் போட்டுட்டா எல்லாம் சரியாயிடும். இல்லேன்னா நாளைலேர்ந்து நீங்க வர வேணாம்.”

“விரலக் குடுக்கச் சொல்லுங்க. எத்தனை தடவ வேணும்னாலும் கேக்குறேன்.” புருஷனைப் பார்த்தாள். “சொல்லுங்க அவர்கிட்ட.”

புராணம் சொன்னார். தொப்பிக்காரன் பழரசத்தைக் கீழே வைத்துவிட்டு நீளமாகப் பேசினான். பேசும்போது புராணத்தைக் கை நீட்டிக் காட்டினான். பிறகு தன் மடியைத் தட்டினான். பிறகு மறுபடியும் புராணத்தைக் காட்டினான். இரண்டு கையையும் மேலே தூக்கி, வானத்திலிருந்து என்னவோ கொட்டுகிற மாதிரி அபிநயம் பிடித்தான்.

“என்னங்க சொல்றார்?”

“வந்து... வெயில் ஜாஸ்தியா இருக்காம்.”

“ஆமா, ஆமா. வெயில்,” என்று அனுபவம் தலையாட்டிச் சிரித்தார். அவருக்கு அந்தப் பாஷையில் ‘வருக’ என்ற ஒரு சொல்தான் தெரியும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் தனக்கல்ல, மற்றவர்களுக்கு என்பது போல உட்கார்ந்திருந்தார்.

“வெயிலுக்கு எதுக்கு உங்களக் காட்டுறார்?” என்றாள் அவள். “மடிய எதுக்குத் தட்டுறார்?”

புராணம் தரையைப் பார்த்தார். கதை வற்றிப்போன முகம். அவளுக்குப் புரிய மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“நீங்கதான் சொன்னீங்களா? மடியில உட்கார்ந்தா வரம் கிடைக்கும்னு?”

“எல்லார்கிட்டயும் சொல்லல,” என்றார் முணுமுணுப்பாக. “நல்லாக் குடுக்கிறவங்ககிட்ட மட்டும்...”

போன கோடையில் வீட்டுக்குப் புது மின்விசிறி வந்தது. பழையது கடகடவென்று தூக்கத்தைக் கெடுக்கிறது, நீ பகலெல்லாம் நிற்கிறவள் என்று அவர்தான் வாங்கி மாட்டினார். அந்தக் காற்றில்தான் அவள் தினமும் தூங்கினாள். அம்மாவின் மடியை வாடகைக்கு விட்ட காசில் வந்த காற்று.

கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

“பிள்ளை போன வருஷம் நாம ரெண்டு பேரும் எங்கங்க போய் நின்னோம்?”

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

“அங்க நின்னப்ப அந்த மடியப் பார்த்தீங்கள்ல? அப்பவே தோணிடுச்சா, இதுல ஆள உட்கார வைக்கலாம்னு?”

“ஏம்மா, அப்படியெல்லாம்...”

“கதை சொல்லத் தெரியும்ல உங்களுக்கு? சொல்லுங்க இப்ப. எனக்கு அந்த விரல் வந்தாகணும்.”

“என்னம்மா, மன்னிப்பு ஆரம்பிச்சாச்சா?” என்றார் அனுபவம்.

“ஆரம்பிச்சாச்சு சார்,” என்றாள் அவள்.

புராணம் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். மெதுவாக, ஏறக்குறைய ரகசியக் குரலில் தொடங்கினார். அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் தொப்பிக்காரனின் முகத்தில் முழுக்கதையும் ஓடியது. முதலில் சிரித்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான். புராணம் தன் சுண்டுவிரலை உயர்த்திக் காட்டி, அதை மெல்ல மடக்கினார். அப்புறம் அடுத்த விரல். அதற்கடுத்தது. தொப்பிக்காரன் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கேமராக்காரி கேமராவை இறக்கிவிட்டாள்.

“அருமை, அருமை,” என்றார் அனுபவம். “இவ்வளவு உருக்கமா மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்ல.”

தொப்பிக்காரன் முதுகுப்பையைத் தூக்கி மேஜை மேல் வைத்தான். அடியில் இருந்த ஒரு அறையைத் திறந்து, ஒரு காலுறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினான்.

விரல் மட்டும் விழும் என்று அவள் நினைத்திருந்தாள். மேஜையில் கலகலவென்று கொட்டியது. நீலப் பூச்சுப் பூசிய ஓட்டுத் துண்டு. யாருக்கும் தெரியாத எழுத்தில் பாதி வாக்கியம் இருந்த சுவர்ச் சில்லு. பளிங்கில் ஒரு காது. கல்லில் ஒரு தாமரை இதழ். பொன்பூச்சு ஒட்டியிருந்த ஒரு செதில். குழந்தை முகத்தினுடையதாக இருக்க வேண்டும், ஒரு சின்னஞ்சிறு மூக்கு. விரல்கள் மட்டுமே ஒரு கைப்பிடி. கறுப்பு, சாம்பல், செம்மண் நிறம் என்று.

தொப்பிக்காரன் சங்கடமாக என்னவோ சொன்னான்.

இந்த முறை புராணம் கதை எதுவும் சேர்க்கவில்லை. அவர் குரலே மாறியிருந்தது. “எது நம்மளோடதுன்னு அவருக்கே தெரியலயாம். பார்த்து எடுத்துக்கச் சொல்றார்.”

எங்கெங்கோ எத்தனை பேர் நாலடி தள்ளி நின்று தங்கள் பாரத்தை இறக்கி வைத்த இடங்கள்! எல்லாம் ஒரு அழுக்குக் காலுறைக்குள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வந்திருக்கின்றன. அவள் குனிந்து தேடினாள். அம்மாவின் சுண்டுவிரலைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. புதிதாக ஒடிந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். அம்மாவை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. இப்படியா தொட வேண்டும்?

தொப்பிக்காரன் பெருமூச்சு விட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டான். ஏதோ கேட்டான்.

“மத்ததுக்கெல்லாம் சாபம் உண்டான்னு கேக்குறார்,” என்றார் புராணம்.

பதிலுக்குக் காத்திராமலே அவன் மிச்சத்தைக் காலுறைக்குள் வாரிப்போட ஆரம்பித்தான். காது உள்ளே போனது. மூக்கு உள்ளே போனது. அவள் பாய்ந்து காலுறையைப் பிடித்தாள்.

“அம்மா!” அனுபவம் எழுந்துவிட்டார். “என்ன இது, மறுபடியுமா? அதுல கை வைக்காதீங்க! அது விருந்தினரோட சொந்தப் பொருள்.”

“சொந்தப் பொருளா? இதெல்லாம் யாரோட மூக்கு சார்? யாரோட காது?”

“யாரோடதோ. நம்ம எல்லைக்குள்ள வராது. உங்க விரல் வந்துருச்சில்ல? கேமராவப் பார்த்து சிரிங்க, முடிச்சுக்கலாம். அவங்களோட அனுபவம் ஏற்கெனவே...”

கேமராக்காரி கேமராவை மறுபடி உயர்த்தினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சிரி என்று சைகை காட்டினாள்.

விசில் அக்கா சிரித்தாள். பல் தெரிந்தது, ஈறும் தெரிந்தது. காலுறையை விட்டாள். கண்ணாடிப் பேழையின் மூடியைத் திறந்தாள். பட்டுத்துணியோடு சேர்த்து விசிலை எடுத்தாள்.

“அதுல கை வைக்கா...” என்றார் அனுபவம்.

அவள் ஊதினாள்.

மூடிய அறைக்குள் அந்தச் சத்தம் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது. பழரசம் தரையில் கொட்டியது. அனுபவம் காதைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் விழுந்தார். தொப்பிக்காரன் கையிலிருந்த காலுறை நழுவ, மறுபடி எல்லாம் மேஜையில் சிதறின. வெளியே வராந்தாவில் செருப்புகள் ஓடிவரும் சத்தம். விசில் கேட்டால் ஓடிவந்து பழகிய கால்கள். கோட்டின் நிறம் மாறியது அவற்றுக்குத் தெரியாது.

தொப்பிக்காரன் பையைப் பற்றிக்கொண்டு கதவை நோக்கித் திரும்பினான். அங்கே புராணம் முதுகைக் கதவில் சாய்த்து நின்றிருந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிற்கட்டும். மின்விசிறி விவகாரம் அப்படியேதான் இருக்கிறது, அது வீட்டில்.

அவள் இடது கையில் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்து, மறுபடியும் ஊதினாள்.