சூளையில் வைத்த வைரம்

"சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க. இது வைரந்தானா?"

ஆல்பர்ட் அப்படிக் கேட்டதும் காஸ்பரின் முதுகு நாற்காலியை விட்டு நிமிர்ந்தது. வரும் ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயிலில் மோதிரம் மாற்ற ஏற்பாடு. மகன் சாவியோவுக்குப் பேசியிருந்த பெண் ஃப்ளோராவும், தகப்பனில்லாத அவளுக்குப் பொறுப்பாளியான தாய்மாமன் ஆல்பர்ட்டும் மங்கலம்பேட்டையிலிருந்து விரல் அளவு பார்க்கத்தான் வந்திருந்தார்கள். குவைத்திலிருந்து திரும்பிய ஆல்பர்ட், சட்டைப் பையில் புது செல்போன் தெரிய, மோதிரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதனால கேக்கறீங்க?"

"ரொம்பச் சின்னதா இருக்குது. ஆனா மின்னுறது மட்டும் கண்ணப் பறிக்குது. உங்க வூட்டு அக்கா காதுல அமெரிக்கன் கல்லுத் தோடு கெடக்குதே, அதுவும் இப்படித்தான் மின்னுது."

உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்த காஸ்பரின் மனைவி டெய்சியின் கை நின்றது. காஸ்பருக்குக் காது சுட்டது.

நகைக்கடை சக்கரபாணி அவருக்கு இரண்டு கற்களை வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டியிருந்தார். பெரியதில் லேசாக மஞ்சள் ஓடியது. பட்டை சரியாகத் தீட்டாததால் வெளிச்சம் அடிவழியே ஒழுகிப்போய், நடுவில் கண்ணாடித் துண்டுபோலச் செத்துக் கிடந்தது. சின்னது பளிச்சென்ற வெள்ளை. பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் ஒரு புள்ளியில்லை. விழுந்த வெளிச்சத்தையெல்லாம் திருப்பி அனுப்பியது. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஊர் மெச்சப் பெரியது போதும். காஸ்பர் எடுத்தது சின்னது. தன் பட்டறையில் ஒரு கரும்புள்ளி விழுந்த பீங்கானைக்கூட உடைத்துப் போடுகிறவர் அவர்.

"கடைக்காரர வேணா கேளுங்க."

"வித்தவரு வேற என்ன சொல்லுவாரு?"

காஸ்பர் எழுந்தார். "போலியக் குடுத்துப் பொண்ணு எடுத்த குடும்பமில்ல இது. இன்னைக்குப் பட்டறையில சூளை மூட்டுறாங்க. கல்லக் கழட்டி உள்ள வெக்கிறேன். போலின்னா உருகட்டும். வைரம்னா வைரமா வெளிய வரும். அப்புறம் பேசுங்க."

காலமெல்லாம் மண்ணை நெருப்பில் வைத்தே தரம் பார்த்தவருக்கு வேறு சோதனை தோன்றவில்லை.

"அப்ப அந்தத் தோட்டுக் கல்லையும் பக்கத்துல வெய்யிங்க. வித்தியாசம் தெரியட்டும்."

"மாமா, ஒரு நிமிஷம்..." என்று ஃப்ளோரா வாயெடுத்தாள்.

"நீ இரும்மா!" இரண்டு ஆண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மறுநாள் சனிக்கிழமை, சூளை ஆறியதும் எல்லோரும் பட்டறையில் கூடினார்கள். வேலையாட்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். காஸ்பர் கதவைத் திறந்து, கல் வைத்த பீங்கான் தட்டைத் தானே வெளியே எடுத்தார். ஒரு குழியில் தோட்டுக் கல், கொஞ்சம் மங்கி, முழுசாக இருந்தது. அடுத்த குழியில் ஒன்றுமில்லை.

"போலி இருக்குது. உங்க வைரத்தக் காணோம்," என்றார் ஆல்பர்ட். குரலை உயர்த்தவேயில்லை. "நாளைக்குக் கோயிலுக்கு நாங்க வரல. வா ஃப்ளோரா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"அப்பா," என்றான் சாவியோ.

காஸ்பரின் முதுகு வளையவில்லை. காலிக் குழியை விரலால் தடவினார். மறுபடி தடவினார்.

"நில்லுங்க சம்பந்தி. சூளையில எது உருகினாலும் தட்டுல ஒட்டிக்கும், கறை வுடும். இதுல ஒண்ணுமில்ல, தொட்டுப் பாருங்க. கல்லு உருகல. எங்க போச்சுன்னு எனக்குத் தெரியல."

தெரியவில்லை என்று அவர் அந்தப் பட்டறையில் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"எரிஞ்சு போச்சு மாமா," என்றாள் ஃப்ளோரா காஸ்பரிடம். கிளம்பச் சொன்ன தாய்மாமனைத் தாண்டி வந்து தட்டைப் பார்த்தாள். "வைரம்னா சுத்தமான கரி. இவ்வளவு சூட்டுல காத்தோட காத்தா எரிஞ்சு போயிடும், சாம்பல்கூட மிஞ்சாது. காலேஜ்ல கெமிஸ்ட்ரியில படிச்சேன். நேத்து அதத்தான் சொல்ல வந்தேன். ரெண்டு பேரும் வாயத் தொறக்க வுடல."

"அப்ப அது..." ஆல்பர்ட் இழுத்தார்.

"அசல்தான். போலியா இருந்தா அத்தை தோட்டுக் கல்லு மாதிரி இங்கயே கெடந்திருக்கும்."

ஆல்பர்ட் தட்டைத் தொட்டுப் பார்த்தார். பக்கத்திலிருந்த களிமண் மூட்டைமேல் உட்கார்ந்தார். "தப்பாப் பேசிட்டேன் சம்பந்தி."

காஸ்பருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் தலையை நிமிர்த்தியபோது, கல்லை இழந்த ஃப்ளோராவின் முகம் எதிரே நின்றது.

"சாயங்காலத்துக்குள்ள வேற கல்லு..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம் மாமா. வெறும் தங்க மோதிரமே போதும். ஆனா அந்தக் கல்லு எனக்குன்னு வாங்கினது. இனிமே என் பொருள என்னக் கேக்காம நெருப்புல வெக்காதீங்க."

வேலையாட்கள் தரையைப் பார்த்தார்கள். அவருக்கு முன்னால் நின்று அப்படிப் பேசினவர் அதுவரை யாருமில்லை.

காஸ்பர் காலித் தட்டைக் கீழே வைத்தார்.

"கேக்கறேம்மா," என்றார். பிறகு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர் பக்கம் திரும்பினார். "நாளைக்குப் பூசைக்கு நேரத்தோட வந்துடுங்க சம்பந்தி."